எனக்குத் தெரியவந்தது

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

கால்வாய் ரோட்டில் என்னை மடக்கக் காத்திருந்த நான்கு பேரும் இன்னும் காவலில்தான் இருக்கிறார்கள். இன்று காலை துணை ஆய்வாளர் நேரில் சொன்னது இது. நம்பர் பிளேட் கழற்றிய ஒரு லாரியும் சில இரும்புக் கம்பிகளும் பிடிபட்டிருக்கின்றன. என் மேல் ஒரு கீறல்கூட இல்லை. பேப்பரில் பாதியைப் படித்துவிட்டு மீதியை நீயே கற்பனை செய்துகொள்வாய் என்பதால் இதை முதலில் எழுதுகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஆஸ்பத்திரிக் கழிவை ஊர்க் குப்பையோடு கலந்து ஏரிக்கரையில் கொட்டும் காண்ட்ராக்டரைப் பற்றித் தொடர் எழுதிவருகிறேன் அல்லவா? செவ்வாய்தோறும் ஸ்கூட்டரில் கால்வாய் ரோடு வழியாகப் போய் லாரிகளைப் பார்த்துவருவது வழக்கம். போன செவ்வாய் நான் ஆபீஸுக்கு வருவதற்கு முன்பே ஒரு போன். வாட்ச்மேன் எடுத்திருக்கிறார். "சார் இன்னைக்குக் கால்வாய் ரோட்ல போக வேணாம்னு சொல்லிடுங்க. மறந்துடாதீங்க." ஆண் குரல். பெயர் சொல்லவில்லை. நான் துணை ஆய்வாளரிடம் சொன்னேன். அவர் ஜீப்பை அனுப்பினார்.

இப்போது வேறு தலைவலி. எல்லாம் நான் போட்ட நாடகம் என்கிறார் அந்த நால்வரின் வக்கீல். இல்லாவிட்டால் முன்கூட்டியே எப்படித் தெரியும் என்று கேட்கிறார். எங்கள் பத்திரிகை நிர்வாகமும் தன் பங்குக்கு ஒரு வக்கீலை வைத்து என்னை விசாரிக்கிறது. போன் செய்தவரை நான் காட்ட வேண்டுமாம். காட்டாவிட்டால் தொடர் நிற்கும், முதல் பக்கத்தில் வருத்தம் தெரிவிப்பார்கள், நான் வீட்டுக்குப் போவேன். லாரிகள் மறுபடி ஏரிக்குப் போகும். ஆளைக் கண்டுபிடித்துவிடுவேன். அதுதானே என் பிழைப்பு.

உங்கள் குவார்ட்டர்ஸுக்கு போன் போட்டால் யாரோ ஒருவர் எடுத்து, நான் யார் என்று மூன்று முறை கேட்கிறார். அவர் யார்?

அலுத்துப்போயிருக்கும்,
தம்பி

—

பிப்ரவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை நின்றபடியே படித்து முடித்தேன். பிறகுதான் உட்கார வேண்டும் என்று தோன்றியது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். நீ சொல்ல மாட்டாய் என்று தெரியும், அதனால் உன் பங்கையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். முழங்காலுக்கு மாத்திரை போடுகிறேன். அது கேட்பதாக இல்லை.

இரண்டு விஷயம். குவார்ட்டர்ஸுக்கு இனி போன் செய்யாதே. கடிதத்தைச் சபை விலாசத்துக்கு, போதகர் அம்மா பெயருக்கு அனுப்பு. பத்திரிகைப் பெயர் கொட்டை எழுத்தில் அச்சடித்த கவரில் அனுப்பாதே. சொந்தக் காசில் ஒரு கவர் வாங்கினால் குறைந்தா போவாய்? இங்கே தபால் எல்லாம் கேட்டில் இருப்பவர் கை பட்டுத்தான் உள்ளே வரும். அவருக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை.

உன் மருமகன் சுகம். வண்டி ஓட்டுகிறான். அவன் மனைவிக்கு ஆறாவது மாதம். இரண்டு பேருக்குச் சமைக்கச் சொல்லி நான்கு பேர் சாப்பாட்டைச் சாப்பிடுகிறாள். சந்தோஷம்தான்.

போன் செய்தவரை ஏன் தேடுகிறாய்? சொல்ல வேண்டியதைச் சொன்னார், வைத்துவிட்டார். விட்டுவிடேன்.

பெண்கள் கூட்டத்தில் அடுத்த மாதம் என்னைப் பாடம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வேதத்தில் அப்போஸ்தலர் இருபத்து மூன்றாம் அதிகாரம். பவுலைக் கொல்லும்வரை சாப்பிடுவதில்லை, குடிப்பதில்லை என்று நாற்பது பேருக்கு மேல் சபதம் எடுக்கிறார்களே, அது. பவுலின் சகோதரி மகன் அதைக் கேள்விப்பட்டு, பவுலைக் காவலில் வைத்திருக்கும் கோட்டைக்குள் போய்ச் சொல்கிறான். அங்கிருந்த ரோமச் சேனாபதி அவன் கையைப் பிடித்துத் தனியே கூட்டிப்போய்க் கேட்டுக்கொள்கிறார். தன்னிடம் சொன்னதாக யாரிடமும் மூச்சுவிடாதே என்று அனுப்பிவிடுகிறார். எங்கள் பெண்கள் என்ன கேட்பார்கள் என்று எனக்கு இப்போதே தெரியும். பையன் வாயை மூடிக்கொண்டான், சரி. சேனாபதி மூடிக்கொண்டாரா? நீ அதிகாரிகளோடு பழகியவன். உனக்கு என்ன தோன்றுகிறது?

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அக்கா

—

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

கவர் வாங்கிவிட்டேன். வெறும் வெள்ளைக் கவர். திருப்தியா? எனக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். உப்பைக் குறைக்கச் சொன்னார். விசாரணையைக் குறைக்க அவரிடம் மருந்து இல்லை.

உன் பாடத்தில் எனக்கு வேறு சந்தேகம். அந்த நாற்பது பேரும் பிறகு எப்போது சாப்பிட்டார்கள்? அதை எழுதிய லூக்கா சொல்லவில்லை. எங்கள் ஆசிரியராக இருந்தால் அதைக் கேட்காமல் பக்கத்தை விட்டிருக்க மாட்டார். சேனாபதியைப் பற்றிக் கேட்டாய். பதவியில் இருப்பவர்கள் ரகசியத்தைத் தங்களுக்கு உதவும்வரை வைத்திருப்பார்கள். உதவாத நாளில் வெளியே விடுவார்கள். அதற்கு மேல் எதிர்பார்க்காதே.

நிர்வாகத்தின் வக்கீல் முதல் அமர்வை முடித்துவிட்டார். நல்ல மனிதர், அவசரம் அதிகம். "ஒரு பேர் குடுங்க சார். நானும் வீட்டுக்குப் போறேன், நீங்களும் உங்க டேபிளுக்குப் போங்க" என்றார். என்னிடம் பெயர் இருந்தால்தானே? தொலைபேசி அலுவலகத்தில் இருக்கும் நண்பரைக் கேட்டிருக்கிறேன். அந்தக் காலை நேரத்து அழைப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

ஏன் தேடுகிறாய் என்று கேட்டாய். என் உயிரைக் காப்பாற்றியவருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டாமா? வேலை போவது அப்புறம்.

தம்பி

—

பிப்ரவரி 25

தம்பிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். போதகர் அம்மா தபாலில் சேர்க்கக் காத்திருக்கிறார்.

தொலைபேசி நண்பரை வேண்டாம் என்று சொல்லிவிடு. நல்லது செய்தவரைத் துரத்திக்கொண்டு போவது என்ன பழக்கம்? நன்றி சொல்வதென்றால் இருக்கும் இடத்திலிருந்தே சொல். போய்ச் சேரும்.

உன் மருமகன் சரியாகச் சாப்பிடுவதில்லை. வேலை அதிகம். செவ்வாய்தோறும் முதலாளியை உன் ஊருக்கு அழைத்துவர வேண்டியிருக்கிறது. வந்தும் மாமாவை எட்டிப் பார்க்க முடியவில்லையே என்று அவனுக்கு வருத்தம்.

உப்பைக் குறை.

அக்கா

—

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே நண்பர் பார்த்துச் சொல்லிவிட்டார். அவரைத் தடுக்க முடியவில்லை. என்னையும்தான்.

அழைப்பு வந்தது நெடுஞ்சாலையில் உள்ள ஒரு பெட்ரோல் பங்க் போனிலிருந்து. உன் ஊருக்கும் என் ஊருக்கும் நடுவில் இருக்கிறது. நேற்று அங்கே போனேன். பங்க்காரருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "டிரைவர் சார். ஓனர் எதிர் ஹோட்டல்ல டிபன் சாப்பிட்டுட்டு இருந்தாரு. இவரு டீசல் போட வந்தவரு, போன் ஒண்ணு பண்ணிக்கட்டுமான்னாரு. பேசறப்ப ஹோட்டல் வாசலையே பார்த்துட்டு இருந்தாரு" என்றார். எந்த வண்டி என்று கேட்டேன். "வெள்ளைக் கார். குப்பை காண்ட்ராக்டர் வண்டி. வாராவாரம் வருமே, தெரியாதா?" என்றார்.

ஆக, என்னை அடிக்க ஆள் அனுப்பியவரின் டிரைவரே எனக்குத் தகவல் சொல்லியிருக்கிறார். முன் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குக் காது இருக்கிறது என்பதை முதலாளிகள் மறந்துவிடுகிறார்கள்.

வரும் வழியெல்லாம் ஒரே குஷி. நாளைக்கே வக்கீலிடம் சொல்லிவிடலாம், இந்தக் கதை முடிந்தது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து மேஜையில் இருந்த உன் கடைசிக் கடிதத்தை மறுபடி எடுத்தேன்.

அக்கா, ஒரே கேள்வி. முப்பது வருஷம் ஊரார் எல்லாரையும் கேள்வி கேட்ட நான், உங்கள் குவார்ட்டர்ஸ் எந்தக் கம்பெனியுடையது என்று உன்னைக் கேட்டதே இல்லை. மருமகன் யாருக்கு வண்டி ஓட்டுகிறான்?

தம்பி

—

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு வாரமாகப் பதில் இல்லை. சபைக்கு வந்த கடிதம் உன் கைக்கு வந்ததா? உடம்புக்கு ஒன்றுமில்லையே?

நான் வக்கீலிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஏப்ரல் ஐந்தாம் தேதி எழுத்து மூலம் வாக்குமூலம் கேட்டிருக்கிறார். தொடரின் நான்காம் பகுதி அச்சுக் கோத்து அப்படியே கிடக்கிறது. நேற்று ஏரிக்கரையிலிருந்து ஒருவர் வந்தார். கொஞ்ச நாளாக வராத லாரிகள் மறுபடி வருகின்றன, எப்போது எழுதுவீர்கள் என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். இத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் நான் சொல்லாத வார்த்தை அது.

ஒரு பெயர் போதும், எல்லாம் நேராகிவிடும். உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், மூன்று முறை வாக்குமூலம் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அந்தப் பெயரை எழுதினேன். மூன்றையும் கிழித்துவிட்டேன். எனக்குக் களைப்பாக இருக்கிறது. நீ ஏதாவது சொல்.

தம்பி

—

மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறேன். உன் இரண்டு கடிதமும் வந்தன. தாமதத்துக்கு முழங்காலைக் காரணம் சொல்லலாம். ஆனால் எழுதுவது கையால்தானே.

பாடம் முடிந்தது. பேதுரு சிறையில் இருந்தபோது தூதன் வந்தான், சங்கிலி தானாகக் கழன்று விழுந்தது. பவுலுக்கு அப்படி ஒன்றுமே நடக்கவில்லை, முந்தின நாள் திடமாய் இரு என்று கர்த்தர் சொன்னதோடு சரி, மறுநாள் வந்தது மருமகன்தான் என்று சொன்னேன். தையல்கார அம்மா எழுந்து, "கர்த்தர் ஏங்க்கா பவுலுக்கு மட்டும் இவ்வளவு சிக்கனம் பண்ணிட்டாரு?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் எனக்கே தெரியாமல், "தூதன் வேலைய முடிச்சுட்டுப் பரலோகத்துக்குப் போயிடுவான். இந்தப் பையன் அதே தெருவுக்குத்தானே திரும்பிப் போகணும்? அந்த நாற்பது பேரும் அங்கதானே இருப்பாங்க?" என்றேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. "அவனப் பெத்தவ அன்னைக்கு எப்படி இருந்திருப்பா?" என்று தையல்கார அம்மாதான் மெதுவாகக் கேட்டார். ஜெபம் பண்ணி முடித்துவிட்டேன்.

மருமகளுக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. எங்கள் சமையலறை ஜன்னலில் நின்றால் பெரிய வீட்டின் வாசல் தெரியும். வெள்ளைக் கார் வந்து நிற்பதும் அவன் இறங்கிக் கதவைத் திறப்பதும் தெரியும். கதவை மூடிவிட்டு இந்தப் பக்கம் திரும்பும்வரை நான் அடுப்பைப் பார்ப்பதில்லை. அதனால் இந்த மாதம் நிறையத் தீய்ந்துபோனது.

நீ கேட்ட கேள்விக்கு இந்தக் கடிதத்தில் பதில் இல்லை. நீ கேட்டதாகவும் நான் வைத்துக்கொள்ளவில்லை. ஏரி நாசமாகும் என்பதும் எனக்குத் தெரியும். உன் வேலை உனக்கு என்ன என்பதும் தெரியும். அதனால் இப்படிச் செய், அப்படிச் செய் என்று எழுத எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் இதை மட்டும் எழுதச் சொன்னான்: "மாமா என்ன முடிவு பண்ணாலும் சரின்னு எழுதும்மா. சும்மா மனசப் போட்டு உழப்பிக்க வேணாம்னு சொல்லு."

நாங்கள் எங்கேயும் போகவில்லை. இங்கேதான் இருக்கிறோம்.

அக்கா

—

ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கு,

வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். மறு உத்தரவு வரும்வரை நான் வேலைக்கு வர வேண்டாம் என்று நிர்வாகம் எழுத்தில் கொடுத்திருக்கிறது. முதல் பக்க வருத்தம் இன்னும் அச்சாகவில்லை. விசாரணை அறிக்கை வந்த பிறகு முடிவு செய்வார்களாம். உடம்பு பரவாயில்லை. ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. டாக்டருக்கே ஆச்சரியம்.

சேனாபதியைப் பற்றி நீ கேட்டதற்கு நான் பிப்ரவரியில் சொன்ன பதில் தப்பு. பாடம் முடிந்துவிட்டாலும் திருத்தம் போடுவது என் கடமை. அதே அதிகாரத்தில், பவுலை அனுப்பிவைக்கும்போது சேனாபதி தேசாதிபதிக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. எடுத்துப் படித்தேன். தன் பெயரைப் போடுகிறார், தேசாதிபதியின் பெயரைப் போடுகிறார். பவுலைக் காப்பாற்றிய பெருமையில் தனக்குக் கொஞ்சம் கூடவே எடுத்துக்கொள்கிறார். உண்மையில் அவ்வளவு அழகாக நடக்கவில்லை என்பது முந்தின அதிகாரத்தைப் படித்தால் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட மனிதர், சதியைப் பற்றி எழுதும்போது மட்டும் அது தனக்குத் தெரியவந்தது என்று எழுதுகிறார். அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். யார் சொன்னது, எப்போது, எந்த அறையில், ஒன்றும் இல்லை. நான் திருத்தும் பிரதியாக இருந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருப்பேன். இவ்வளவு வருஷம் அதை ஓட்டை என்றுதான் நினைத்திருப்பேன்.

என் வாக்குமூலத்தின் நடுவில் அதே மாதிரி எழுதினேன்: 'என்னைத் தாக்கும் திட்டம் இருப்பது எனக்குத் தெரியவந்தது. உடனே காவல் துறைக்குச் சொன்னேன்.' வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் மூலமா தெரியவந்தது?"

"அதைச் சொல்றதா இல்லை சார்."

"ஆள் யாருன்னு கண்டுபிடிச்சீங்களா இல்லையா?"

"அதையும் சொல்றதா இல்லை."

"அப்ப நாடகம்னு நான் எழுத வேண்டி வரும். உங்க தொடர் மொத்தமும் அடிபடும். யோசிச்சுட்டுத்தான் பேசறீங்களா?"

"யோசிச்சு யோசிச்சுத்தான் சார் இப்படி ஆயிட்டேன்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

ஏரிக்கரை ஆளை வரச் சொல்லி, லாரிகளைப் பற்றி நான் நேரில் பார்த்ததையெல்லாம் அவரிடம் சொல்லி, சுகாதாரத் துறைக்கு ஊரார் கையெழுத்தோடு மனு எழுதிக்கொடுத்தேன். அதில் என் பெயர் இல்லை. அது எவ்வளவு தூரம் போகும் என்று தெரியாது.

என் மார்ச் ஒன்பதாம் தேதிக் கடிதத்தை அடுப்பில் போடு. அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை.

தம்பி

—

ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

அடுப்பில் போட்டாயிற்று. அன்றைக்குச் சமையல் தீயவில்லை.

உன் கடிதத்தை ஒருவன் இரண்டு தடவை படித்தான். தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மருமகள், "என் பங்கையும் நீங்களே சாப்பிட்டுடுங்க" என்று சண்டைக்குப் போனாள். அந்தச் சத்தம் காதுக்கு நன்றாக இருந்தது.

வேலையை இப்போது விட்டால் பெரிய வீட்டில் சந்தேகம் வரும், பிரசவம் முடியட்டும் என்று இருக்கிறோம். அதுவரை கதவைத் திறந்து, கதவை மூடி, நாள் போகும். இன்னொரு விஷயம். வரும் திங்கட்கிழமை முதலாளி உங்கள் பத்திரிகை நிர்வாகத்தைப் பார்க்க வருகிறாராம். நீ அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் நல்லது.

உனக்கு வேலை போகும் என்பதை நினைத்தால் எனக்கு ஜெபத்தில் வார்த்தை வருவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அவருக்குப் புரியும்.

அக்கா

—

ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமைதான் கிடைத்தது. திங்கட்கிழமை நான் போய்விட்டேன். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். வெள்ளைக் கார் வாசலில் நின்றது. டிரைவர் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இளைத்திருக்கிறான். மேலே பார்த்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நான் ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டேன். பிறகு அவன் வாட்ச்மேன் கூண்டுக்குப் போய் ஏதோ கேட்பது தெரிந்தது. வாட்ச்மேன் எழுந்து நின்றார். உட்கார்ந்தபடியே ஊருக்கே பதில் சொல்கிறவர் அவர்.

கார் போன பிறகு கீழே இறங்கினேன்.

"அந்த டிரைவர் தம்பி தண்ணி கேட்டுச்சு சார். குடுத்தேன்" என்றார்.

"சரி."

"குரல் நல்ல குரல்."

போனில் ஒருமுறை பேசியவரை அடுத்த வருஷம் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார் அவர். ஆபீஸில் அவருக்கு அதுதான் பெயர். சாவிக்கொத்தை எடுத்துப் பெல்ட்டில் மாட்டினார்.

"என்னையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க சார். காண்ட்ராக்டர் ஆளுங்களை வரிசையா பேச வெச்சு, யார் குரல்னு என்னைக் கேக்கப் போறாங்களாம்."

"உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க. நான் இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லுன்னு சொல்லக் கூடாது."

"நீங்க சொல்ல வேணாம் சார். நீங்க சொல்லிக் கேக்கற வயசா எனக்கு?" என்றார். பிறகு என் ஸ்கூட்டருக்காகக் கேட்டைத் திறந்துவிட்டு, எதிர்ப்பக்கத் தெருவைப் பார்த்தபடி, "வாசல்ல ஒரே லாரி இரைச்சல். எனக்குக் காது அடைச்சு ரெண்டு நாளாச்சு. டாக்டர்கிட்ட சீட்டு வாங்கணும்" என்றார்.

அன்று தெருவில் லாரி எதுவும் இல்லை.

உறுதியாகத் தெரிந்தவை இவ்வளவுதான். சுகாதாரத் துறை ஏரிக்கரை மனுவைப் பெற்றுக்கொண்டதாகச் சீட்டு கொடுத்திருக்கிறது. பார்வையிட எப்போது வருவார்கள் என்று சொல்லவில்லை. வாட்ச்மேனுக்கு விசாரணை இருபத்தாறாம் தேதி, காலை பதினொரு மணிக்கு. வக்கீலின் அறிக்கை மே முதல் வாரம் என்று அவருடைய குமாஸ்தா சொன்னார். மருமகளுக்கும் அந்த வாரம்தான் என்று நினைக்கிறேன். தேதியைச் சரிபார்த்து எழுது.

தம்பி